மெக்னீசியத் தகட்டுக்கு ஏன் சூடு வேண்டும்?

கேள்வி: மெக்னீசியக் கலப்புலோகத் தகட்டைச் சூடேற்றிய பிறகே அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். இந்த முறை எப்படி வந்தது? சூடு பட்டால் எந்த உலோகமும் இளகும், அவ்வளவுதானே?

பதில்: இளகுவது உண்மைதான், ஆனால் முதன்மைக் காரணம் அதுவல்ல. அலுமினியத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது உருகுவது 660 டிகிரி செல்சியஸில், மெக்னீசியம் 650-இல். உருகுநிலையை நெருங்குவதுதான் காரணம் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளைய வேண்டும். அலுமினியத் தகடோ சூடேற்றாமலே பாத்திரமாகிறது. 3 சதவீத அலுமினியமும் 1 சதவீதத் துத்தநாகமும் சேர்ந்த ஏஇசட்31 என்ற மெக்னீசியத் தகட்டை அப்படியே இறுக்கி மடித்தால் விரிசல் விடும். வேறுபாடு அணுக்கள் அடுக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. உலோகம் வளைகிறது என்றால், அதன் படிகங்களுக்குள் அணுத்தளங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன என்று பொருள். அலுமினியத்தின் கனசதுர அடுக்கில் அதற்கு 12 வழிகள் உண்டு. மெக்னீசியத்தினுடையது அறுகோண அடுக்கு. சாதாரண வெப்பநிலையில் அதன் அடித்தளம் மட்டுமே எளிதில் வழுக்கும். ஒட்டி நிற்கும் படிக மணிகள் பிளவுபடாமல் சேர்ந்து உருமாற, ஒன்றையொன்று சாராத 5 வழிகள் தேவை என்பது 1928-இல் கணிதவியலாளர் ஃபான் மிசஸ் வகுத்த கணக்கின் முடிவு. அடித்தளம் தருவது 2 மட்டுமே. படிகத்தின் ஒரு பகுதி எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்சம் ஈடுகட்டும். பெரிய வளைவுக்கு அது போதாது. சுமார் 225 டிகிரியைத் தாண்டும்போது, அதுவரை முரண்டுபிடித்த பக்கத்தளங்களும் சாய்தளங்களும் வழுக்கத் தொடங்குகின்றன. சூடேற்றி அழுத்தும் முறைக்கு அடிப்படை இதுவே. கூடவே, நசுங்கிய மணிகளின் இடத்தில் புதிய சிறு மணிகள் உருவாவதால் உலோகம் விறைத்துப்போவதில்லை.

புதிய தளங்கள் வழுக்குவதும் ஒருவகை இளக்கம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு லித்தியம் விடை சொல்கிறது. மெக்னீசியத்தில் எடைக்கணக்கில் 11 சதவீதத்துக்கு மேல் லித்தியம் சேர்த்தால் அறுகோண அடுக்கே கனசதுரமாக மாறிவிடுகிறது. அந்தத் தகட்டைச் சூடேற்றாமலே உருட்டலாம். அடுக்கு மாறினால் சூடு தேவைப்படுவதில்லை என்றால், சூடு செய்துவந்தது அடுக்கின் குறையை ஈடுகட்டும் வேலைதான். இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

பட்டறையில் உதவும் சூடு ஓடும் என்ஜினில் தொல்லையாகிறது. ஏஇசட்91 என்ற மெக்னீசியக் கலப்புலோக வார்ப்பு 120 டிகிரிக்கு மேல் சுமையின்கீழ் மெல்ல மெல்ல நெகிழ்ந்து, போல்ட் பிடிப்பைத் தளரவிடும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் என்ஜின் கூட்டுக்கு 1970-களில் சிலிக்கன் கலந்த ஏஎஸ்41 கலப்புலோகத்தைக் கொண்டுவந்தது வெப்பத்தில் ஏற்படும் இந்த நெகிழ்வைக் குறைப்பதற்காகத்தான்.