கூட்டம் குறைந்த நேரத்தில் சாப்பாட்டுக் கடை

கோலார் தங்கவயலில் 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையைத் தொடங்கியது. மண்ணுக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போய்த் தங்கம் எடுத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து பலர் வேலைக்கு வந்தார்கள். இரவும் பகலும் ஷிப்டு ஓடியது. ஷிப்டு முடிந்தால் பசியோடு ஆட்கள் வருவார்கள். சாப்பாட்டுக் கடை வைத்தவர் வாடிக்கைக்காரரைத் தேட வேண்டியதில்லை.

2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. ஷிப்டு நின்றது. அதை நம்பிய கடைகளும் தவித்தன.

இப்போது தங்கவயல் மக்கள் பலர் தினமும் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிறார்கள். போக 100 கிலோமீட்டர். விடியும் முன்பே மாரிக்குப்பத்திலும் ஊரிகத்திலும் ரயில் ஏறுகிறார்கள். திரும்ப இரவாகிவிடும். ஆகவே பகலில் ஊர் வெறிச்சோடும். மாதக் கடைசியிலோ கையில் காசு இருக்காது.

ஆண்டர்சன்பேட்டையில் ஓர் அம்மா இட்லிக் கடை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். வியாபாரம் மந்தம். வட்டிக்குக் கடன் வாங்கலாமா என்று யோசிக்கிறார். மகள் கேட்கிறாள்:

"அம்மா, நேத்து எத்தனை இட்லி மிஞ்சுச்சு?"

"யாருடி எண்ணுனா? பாதி குண்டான் இருந்துச்சு."

"இன்னிக்கு எண்ணலாம். நான் நோட்டுல எழுதுறேன்."

ஒரு வாரம் எழுதினார்கள். 100 இட்லி ஊற்றினால் 60 தான் விற்கிறது. ஒரு இட்லிக்குச் செலவு 4 ரூபாய். விலை 8 ரூபாய். கணக்கைப் பாருங்கள். வாடகை இதில் சேரவில்லை.

100 இட்லிக்குச் செலவு 400 ரூபாய். 60 விற்றால் வரவு 480. மிச்சம் 80 ரூபாய்தான்.

"விலையை 6 ரூபா ஆக்கிடலாமா?" என்றார் அம்மா. அப்படிச் செய்து 100 இட்லியும் விற்றாலும் வரவு 600, மிச்சம் 200. விலையைக் குறைக்காமல் 60 மட்டும் ஊற்றினால்? செலவு 240, வரவு 480, மிச்சம் 240! வேலையும் குறைவு. கூட்டம் குறைந்ததும் பலர் முதலில் விலையைத்தான் குறைக்கிறார்கள். குறைத்த விலையை மறுபடி ஏற்றுவது எளிதல்ல. முதலில் கணக்கைப் பார்ப்பதே நல்லது.

ஆனால் 60 இட்லியோடு நின்றால் குடும்பம் ஓடாது. புது ஆட்கள் வர வேண்டும். அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? வெறும் வயிற்றோடு ரயிலுக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்களே! கடை திறப்பதோ 7 மணிக்கு. ரயில் அதற்கு முன்பே போய்விடுகிறது. இருவரும் கடை நேரத்தை மாற்றினார்கள். வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். மகள் சாக்பீஸால் எழுதினாள்:

காலை 4 மணி முதல் இட்லி பார்சல்.
4 இட்லி, சட்னி – 32 ரூபாய்.
முதல் நாள் இரவே சொன்னால் கட்டி வைப்போம்.

என்ன கிடைக்கும், என்ன விலை, எப்போது கிடைக்கும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. "சுவையான உணவு" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. பலகையில் கன்னடத்திலும் எழுதுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். முதல் நாளே சொல்லி வைப்பதால் எத்தனை ஊற்றுவது என்பதும் தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள். அன்று பிரியாணியோ ஆப்பமோ போடலாம். சிவராத்திரிக்குப் பக்கத்துக் கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர் கோயிலுக்குப் பெருங்கூட்டம் வரும். அதற்கு முன்கூட்டியே அரிசி, உளுந்து வாங்கி வையுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். மிஞ்சிய சட்னியை மறுநாள் போடாதீர்கள். ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தாலும் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். எந்தப் பலகையாலும் அதை மாற்ற முடியாது.

பயிற்சி

1. உங்கள் ஊர்க் கடைக்கு மூன்று வரியில் ஒரு பலகை எழுதுங்கள்.

2. ஒரு வடைக்குச் செலவு 3 ரூபாய், விலை 6 ரூபாய். 50 சுட்டால் 30 விற்கிறது. 30 மட்டும் சுட்டால் மிச்சம் எவ்வளவு? விலையை 5 ரூபாய் ஆக்கி 50-ம் விற்றால் மிச்சம் எவ்வளவு? கூடுதலாக 20 வடை சுடும் உழைப்பையும் நினைத்து, எது நல்லது என்று பேசுங்கள்.