ஷோரூம் வெளிச்சமும் வீட்டு ஹாலும்

திருநெல்வேலியில் இருக்கும் என் மாமா போன தீபாவளிக்கு 65 அங்குல டிவி வாங்கினார். ஒன்றேமுக்கால் லட்சம். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் தனக்கென்று அவர் செய்துகொண்ட ஒரே செலவு அதுதான். பொங்கலுக்குப் போயிருந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "மாப்ளே, கடையில பாத்தப்ப பளிச்சுன்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் கலங்கிப் போச்சு. வேற பீஸ மாத்திக் குடுத்துட்டாங்களோ?"

டிவியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். கேபிள் செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று தலை கொண்ட பழைய ஒயர் வந்து சொருகியிருந்தது. பழைய டிவிக்குப் போட்டிருந்த அதே ஒயர். பாக்ஸும் பழைய பாக்ஸ்தான். டிவியில் ஒரு குறையும் இல்லை. இவ்வளவு பணம் கொடுக்கிற மனிதரிடம் நாலு விஷயத்தை எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை, அதுதான் குறை. அந்த நாலு விஷயத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

"4கே டிவியில் எல்லாமே 4கே-யாகத் தெரியும்"

தெரியாது. 4கே திரையில் குறுக்கே 3840, நெடுக்கே 2160 புள்ளிகள். மொத்தம் ஏறத்தாழ 83 லட்சம். மாமா வீட்டுக்கு வந்துகொண்டிருந்த சாதாரண எஸ்டி சேனலில் 720-க்கு 576, அதாவது நாலு லட்சத்துக்குச் சற்று மேல். சேனல் அனுப்பும் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு திரையில் இருபது புள்ளிகளை நிரப்ப வேண்டும். பாக்கி பத்தொன்பதையும் டிவிக்குள் இருக்கும் சிப் அக்கம்பக்கம் பார்த்து ஊகித்துப் போடுகிறது. விலை கூடிய டிவியில் இந்த ஊகம் கொஞ்சம் புத்திசாலித்தனமாக இருக்கும். ஆனால் சேனலில் வராத விவரத்தை எந்தச் சிப்பாலும் வரவழைக்க முடியாது. திரை பெரிதாக ஆக, படத்தின் குறையும் பெரிதாகத்தான் தெரியும்.

மறுநாள் கேபிள்காரரிடம் சொல்லி எச்டி பாக்ஸ் மாற்றி, ஒரு எச்டிஎம்ஐ ஒயரையும் போட்டோம். எச்டி சேனலில் 1920-க்கு 1080, ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள் வருகின்றன. அதுவரை செய்தி வாசிப்பவரின் புடவைக் கரை ஒரு மஞ்சள் பட்டையாக மட்டும் தெரிந்தது. இப்போது அதில் ஓடிய ஜரிகைக் கட்டங்களை எண்ண முடிந்தது. அத்தை சோபாவிலிருந்து எழுந்து கிட்டே வந்து பார்த்தார். "இதத்தான் கடையில பாத்தோம்" என்றார்.

ஓடிடி-யில் படம் பார்ப்பவர்களும் தங்கள் சந்தாவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸில் 4கே படம் ஆக உயர்ந்த பிரீமியம் பிளானில் மட்டும்தான் வரும். அதற்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகமாவது தடையில்லாமல் கிடைக்க வேண்டும். ரௌட்டர் ஒரு அறையிலும் டிவி மூன்று சுவர் தள்ளியும் இருந்தால், எத்தனை லட்சம் கொடுத்து வாங்கியிருந்தாலும் படம் அவ்வப்போது மங்கத்தான் செய்யும்.

"4கே-யை விட 8கே இரண்டு மடங்கு தெளிவு"

புள்ளிக் கணக்கில் நாலு மடங்கு. மூன்று கோடியே முப்பது லட்சம் சொச்சம். ஆனால் பார்க்கிற கண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. நல்ல பார்வை உள்ளவர் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியும். 55 அங்குல 4கே திரையில் ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. மூன்றரை அடிக்கு மேல் தள்ளிப் போனாலே அதைத் தனியாகப் பிரித்தறிய முடியாது. நம் ஹாலில் சோபா எட்டு, பத்து அடி தள்ளித்தான் இருக்கிறது. அங்கிருந்து பார்க்கும்போது 4கே-யே கண்ணுக்கு மிச்சம். 8கே-க்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

அந்தப் பணத்தை அளவில் போடலாம். 55 அங்குலத்துக்கும் 65 அங்குலத்துக்கும் பத்து அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும். பரப்பில் அது 40 சதவீதம் அதிகம். திரையின் அங்குலத்தை 1.6-ஆல் பெருக்கினால் எவ்வளவு தள்ளி உட்காரலாம் என்பது கிடைக்கும். 55 அங்குலத்துக்கு ஏழடி சொச்சம், 65-க்கு ஏறத்தாழ எட்டே முக்கால் அடி. பத்தடி தள்ளி உட்காருகிறவருக்கு 75 அங்குலம் கூடப் பெரிதல்ல.

"அவ்வளவு பெரிய டிவியைக் கிட்டே இருந்து பார்த்தால் கண் போய்விடும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பயம் ஆதாரம் இல்லாமல் பிறந்தது அல்ல. 1967-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பெரிய கலர் டிவிகள் சிலவற்றிலிருந்து அளவுக்கு மீறிய எக்ஸ் கதிர் வெளியாவது தெரியவந்தது. அடுத்த ஆண்டே அங்கே கதிர்வீச்சைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. அது பிக்சர் டியூப் காலம். இன்றைய தட்டைத் திரையில் எக்ஸ் கதிர் உண்டாக வழியே இல்லை. கண் சோர்ந்து போகலாம்; கெட்டுப்போகாது. ஆனால் குழந்தை மட்டும் திரும்பத் திரும்ப டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அதட்டாதீர்கள், கண் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தூரத்தில் தெரியாததால்கூட அது கிட்டே போகலாம்.

"கடையில் எது பளிச்சென்று இருக்கிறதோ அதுவே நல்ல டிவி"

இந்த நம்பிக்கைக்குத்தான் நாம் அதிகமாகப் பணம் கட்டுகிறோம்.

ஷோரூமில் கூரை முழுக்க வெள்ளை விளக்கு. சுவர் முழுக்க இருபது, முப்பது டிவி. அத்தனை வெளிச்சத்தில் கண்ணை இழுக்க, ஒவ்வொன்றையும் 'விவிட்' அல்லது 'டைனமிக்' மோடில் வைத்திருப்பார்கள். நிறம் ஏற்றியிருக்கும், வெளிச்சம் உச்சத்தில் இருக்கும், வெள்ளையில் நீலம் கலந்திருக்கும். வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிற வேலைதான் இது. நீலம் போட்ட வேட்டி கூடுதல் வெள்ளையாகத் தெரியும், வேட்டியின் சொந்த நிறம் அதுவல்ல. சினிமாவுக்கு நிறம் திருத்துகிற அறைகளில் வெள்ளைக்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள், 6500 கெல்வின். டிவியில் 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடு போட்டால் அதற்குப் பக்கத்தில் வரும். முதல் நாள் படம் மஞ்சளடித்த மாதிரி இருக்கும். மூன்று நாள் பொறுங்கள். நாலாம் நாள் பழைய மோடுக்குத் திரும்பிப் போட்டுப் பாருங்கள், முகங்களெல்லாம் வெளிறிப்போய்த் தெரியும்.

கடையில் ஓடுகிற படமும் டிவி நன்றாகத் தெரிய வேண்டும் என்றே எடுக்கப்பட்டது. பூ, வண்ண மீன், பனிமலை. அதில் எந்த டிவியும் தோற்காது. டிவியைச் சோதிக்க இருட்டு வேண்டும். 'கைதி' (2019) படத்தைப் போடச் சொல்லுங்கள். முழுக்க ஒரே இரவில் நடக்கிற கதை. லாரியின் முகப்பு விளக்கு எரியும் காட்சியில் விளக்கைச் சுற்றியிருக்கும் இருட்டைக் கவனியுங்கள். சாம்பல் புகை போல ஒரு வட்டம் படர்ந்தால் அந்த டிவி இருட்டைக் காட்டத் திணறுகிறது என்று பொருள். படத்துக்கு மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டை டிவியின் சட்டத்தோடு கலந்து மறைகிறதா, தனியாக வெளுத்துத் தெரிகிறதா என்றும் பாருங்கள். கடையின் உள்ளறையில் ஒரு விளக்கை அணைத்துக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். பட்டுப் புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து வாங்குகிற ஊர்தானே நம்முடையது?

இன்னொரு சோதனை கிரிக்கெட். பந்தைத் துரத்திக்கொண்டு கேமரா பச்சைப் புல்வெளி மேல் வேகமாகத் திரும்பும்போது, நெடுக்காக அழுக்குத் துணியால் துடைத்த மாதிரி பட்டைகள் தெரிகின்றனவா பாருங்கள். ஒரே மாடலிலேயே ஒரு பீஸில் தெரியும், அடுத்ததில் தெரியாது.

"ஓஎல்இடி, கியூஎல்இடி எல்லாம் ஒரே குடும்பம்"

பெயரின் ஒலியைத் தவிர ஒற்றுமை குறைவு. எல்இடி டிவி என்று நாம் சொல்வது எல்சிடி திரைதான், பின்னால் எல்இடி விளக்கு எரிகிறது. கியூஎல்இடி-யும் அதே எல்சிடி. நிறத்தைச் சுத்தமாக்க குவாண்டம் டாட் என்ற நுண்துகள் படலம் ஒன்று கூடுதல், அவ்வளவுதான். அந்தத் துகள் ஆய்வுக்காக 2023-இல் மூன்று விஞ்ஞானிகளுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது, ஆகவே அது வெறும் விளம்பரப் பெயரும் அல்ல. மினி எல்இடி-யில் பின்விளக்குகளைச் சிறிது சிறிதாக ஆயிரக்கணக்கில் வைத்து, இருட்டு வரும் பகுதியில் மட்டும் குறைக்கிறார்கள். ஓஎல்இடி-யில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, தானே அணைகிறது. அணைந்த புள்ளி முழுக் கறுப்பு.

அப்படியானால் எல்லோரும் ஓஎல்இடி வாங்கலாமா? கூடாது. காலையில் சுப்ரபாதத்தோடு செய்தி சேனல் போட்டால் இரவு வரை அணைக்காத வீடுகள் நம்மிடம் ஏராளம். மூலையில் லோகோ, கீழே ஓடும் சிவப்புப் பட்டை, இரண்டும் நாள் முழுக்க அதே இடத்தில். கனடாவின் ஆர்டிங்ஸ் நிறுவனம் 2018-இல் ஆறு ஓஎல்இடி டிவிகளை நாளுக்கு 20 மணி நேரம் ஓடவிட்டுச் சோதித்தது. செய்தி சேனல் ஓடிய திரைகளில் அந்தப் பட்டையின் தடம் அழியாமல் பதிந்துவிட்டது. விதவிதமான நிகழ்ச்சி பார்க்கிற வீட்டுக்கு இந்தப் பயம் அநேகமாக வேண்டாம். என் தீர்ப்பு இதுதான்: இரவில் விளக்கைக் குறைத்துப் படம் பார்ப்பவருக்கு ஓஎல்இடி, பால்கனி வெயில் ஹாலுக்குள் விழுகிற, செய்தி ஓடிக்கொண்டே இருக்கிற வீட்டுக்கு மினி எல்இடி. மாமா வாங்கியது மினி எல்இடி, அவர் வீட்டுக்கு அதுதான் சரி.

"எச்டிஆர் என்று போட்டிருக்கிறது, போதாதா?"

போதாது. அந்த முத்திரை, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே அதிக வீச்சுள்ள எச்டிஆர் சிக்னல் வந்தால் டிவி வாங்கிக்கொள்ளும் என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். வெளிச்சத்தை 'நிட்' என்ற அலகில் அளக்கிறார்கள். சாதாரண நிகழ்ச்சிகள் 100 நிட் அளவுக்குத் தயாராகின்றன, எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் 1000 நிட்டுக்கு. 300 நிட்டோடு நின்றுவிடுகிற டிவியில் எச்டிஆர் படம் சில சமயம் சாதாரணப் படத்தை விட இருண்டு தெரியும். விற்பனையாளரிடம் நிட் எவ்வளவு என்று கேளுங்கள். எச்டிஆர் வகைகளில் டால்பி விஷன்தான் வேண்டும் என்பவர்கள், சாம்சங் டிவிகளில் அது கிடையாது, எச்டிஆர்10+ தான் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்று சொல்லும் ஹெர்ட்ஸ் எண்ணிலும் இதே கவனம் வேண்டும். பெட்டியில் 240 என்று போட்டிருந்தாலும் பேனலின் உண்மையான வேகம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். சினிமா நொடிக்கு 24 பிரேம். 120-ஐ 24 மிச்சமில்லாமல் வகுக்கும், 60-ஐ வகுக்காது. 120 ஹெர்ட்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருப்பது அதனால்தான். ஆனால் டிவி தானாக இடைப் பிரேம்களை உண்டாக்கிச் சேர்க்கும் வசதியைப் படம் பார்க்கும்போது அணைத்துவிடுங்கள். அது எந்த நல்ல படத்தையும் சீரியல் மாதிரி ஆக்கிவிடும். 2018-இல் டாம் குரூஸ், இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியோடு சேர்ந்து இதை அணைக்கச் சொல்லியே ஒரு வீடியோ வெளியிட்டார். இந்த வசதியைத் தானே அணைத்துவிடும் ஃபிலிம்மேக்கர் மோடு அறிவிக்கப்பட்டது அடுத்த ஆண்டில்.

பில் போடும்போது இரண்டு பொருளைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். தங்க முலாம் பூசிய பல ஆயிரம் ரூபாய் எச்டிஎம்ஐ ஒயர் வேண்டியதில்லை. தரச் சான்று பெற்ற சாதாரண ஒயரில் அதே படம்தான் வரும். ஸ்டெபிலைசரும் அநேகமாகத் தேவைப்படாது. டிவியின் பின்னால் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இடி மின்னலின்போது பிளக்கையும் கேபிள் ஒயரையும் கழற்றி வைப்பதுதான் பாதுகாப்பு. மிச்சமாகும் பணத்தில் ஒரு சவுண்ட்பார் வாங்கலாம். இத்தனை மெல்லிய டிவிக்குள் நல்ல ஸ்பீக்கருக்கு இடமே இல்லை.

டிவியைப் பொருத்த வருகிறவர் கிளம்புவதற்கு முன், ஒரு சாம்பல் நிறப் படத்தைத் திரை முழுக்க வைத்து, கறையோ பட்டையோ இறந்த புள்ளியோ இருக்கிறதா என்று அவர் முன்னாலேயே பாருங்கள். மாட்டும்போது, உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்கு வரும்படி கீழே இறக்கி மாட்டச் சொல்லுங்கள். அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் பழைய பேப்பர்காரருக்கு உடனே போட்டுவிட வேண்டாம். மாற்றித் தரச் சொல்லிக் கேட்க நேர்ந்தால் முதலில் கேட்பது அந்தப் பெட்டியைத்தான்.