இயங்கும் முதுமை

நுழையும்முன்

முதியோர்க்குத் தேவை ஓய்வு மட்டுமே என்னும் எண்ணம் பல இல்லங்களில் நிலவுகிறது. அன்பினால் எழும் அவ்வெண்ணமே அவர்தம் வலிமையைக் குறைத்துவிடுவதும் உண்டு. அளவான உடற்பயிற்சியும் தளர்வுப் பயிற்சியும் முதுமைக்கு ஏன் தேவை என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தளரும் தசைகள்

"நீங்கள் உட்காருங்கள், நான் எடுத்துத் தருகிறேன்" என்று தாத்தா பாட்டியரை எழவிடாமல் பணிவிடை செய்வது நம் வழக்கம். ஆயின், பயன்படுத்தப்படாத தசை மெலியும். வயது ஏற ஏறத் தசையின் அளவும் ஆற்றலும் இயல்பாகவே குறைகின்றன. அசைவின்மை அதனை விரைவுபடுத்துகிறது. தொடைத்தசை தளர்ந்தால் நாற்காலியிலிருந்து எழுவது அரிதாகும். உடற்சமநிலை குன்றினால் கீழே விழுவது எளிதாகும். ஒருமுறை விழுந்தவர், மீண்டும் விழ நேருமோ என அஞ்சி நடப்பதைக் குறைப்பார். நடை குறையக் குறைய வலிமையும் குறையும். ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் 60 வயதைக் கடந்தோரே மிகுதி.

தொண்ணூறிலும் வலிமை

இழந்த வலிமையை முதுமையில் மீட்க இயலுமா? அமெரிக்காவின் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் நிகழ்ந்த ஆய்வு 1990ஆம் ஆண்டு வெளியாயிற்று. தொண்ணூறு வயதை ஒட்டிய முதியோர், மேற்பார்வையுடன் 8 வாரங்கள் கால்தசைப் பயிற்சி பெற்றனர். பயிற்சியை நிறைவு செய்த 9 பேரின் கால்வலிமை சராசரியாக இருமடங்கிற்கும் மேல் பெருகியது. பயிற்சிக்கு வயது தடையன்று என்பது தெளிவாயிற்று.

எளிய பயிற்சிகள்

65 வயதைக் கடந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமாக இயங்க வேண்டும். அவ்வாரத்தில் 3 நாள்களாவது சமநிலைக்கும் வலிமைக்கும் உரிய பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நடத்தல், நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரைப் பற்றியவாறு குதிகால்களை உயர்த்தித் தாழ்த்துதல் ஆகியன வீட்டிலேயே செய்யத்தக்கவை. பேசிக்கொண்டே செய்ய இயலுமாயின் அதுவே மிதமான அளவு. நோயுடையோர் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குதல் வேண்டும். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ தோன்றின் உடனே நிறுத்தி, மருத்துவ உதவி நாட வேண்டும்.

தளர்வும் ஒரு பயிற்சியே

ஓய்ந்திருப்பவரின் தோளும் தாடையும் கூட இறுகியிருத்தல் உண்டு. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் இதற்கொரு முறை வகுத்தார். பாதம் முதல் முகம் வரை ஒவ்வொரு தசைத்தொகுதியையும் சில நொடிகள் மெல்ல இறுக்கி, பின் தளர்த்த வேண்டும். அவ்விரு நிலைகளின் வேறுபாட்டை உணர உணர உடல் தளரக் கற்கும். மூச்சை அடக்காமல் சீராக விடுதல் இன்றியமையாதது. உறங்கும் முன் இதனைச் செய்தால் மன இறுக்கம் தணியும். உறக்கமும் எளிதில் வரும்.

தெரிந்து தெளிவோம்

ஜப்பானில் 1928ஆம் ஆண்டு முதல் வானொலி வழி உடற்பயிற்சி ஒலிபரப்பப்பட்டது. இன்றும் காலை 6.30 மணிக்கு அந்த இசைக்கேற்ப முதியோர் பலர் பூங்காக்களில் கூடிப் பயிற்சி செய்கின்றனர்.

இளையோர் பங்கு

முதியோர்க்கு வேண்டுவது, அவர்தம் வேலைகளையெல்லாம் நாமே செய்துவிடுவதன்று. அவர்கள் தாமே செய்ய அருகில் நிற்பதாகும். மாலையில் அவர்களுடன் தெருமுனைவரை நடப்பதும், வழுக்கும் தரையைத் துடைத்து வைப்பதும், அவர்கள் மெல்ல எழும்வரை பொறுத்திருப்பதும் சிறந்த தொண்டாகும். தம் காலில் தாமே நிற்றல் முதுமையின் பெருமிதம்; அதனைக் காப்பது இளமையின் கடமை.

மதிப்பீடு

1. அன்பான பணிவிடையே முதியோரின் வலிமையைக் குறைப்பது எவ்வாறு?
2. உம் இல்லத்து முதியவர் ஒருவருக்கு ஏற்ற ஒருவாரப் பயிற்சித் திட்டத்தை அவருடன் கலந்து பேசி எழுதுக.