4,320,000: மகாயுகக் கணக்கு

இந்த மாதப் பாடத்துக்குத் தாளும் பேனாவும் வேணும். கால்குலேட்டரும் வைச்சுக்கலாம்.

நான்கு யுகங்கள் சேர்ந்தது ஒரு மகாயுகம். அது 4,320,000 ஆண்டுகள், அதாவது 43 இலட்சத்து 20 ஆயிரம். சமய வகுப்பில் மனப்பாடம் செய்திருப்போம். "ஏன் இந்த எண்? சும்மா பெருசா ஒண்ணு சொல்லிட்டாங்களா?" என்று பள்ளி நண்பர் கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

எண்ணை உடைத்துப் பார்ப்போம்

மனிதர்களின் ஓர் ஆண்டு தேவர்களுக்கு ஒரு நாள். அப்படி 360 நாள் சேர்ந்தால் ஒரு தேவ ஆண்டு. மகாயுகம் 12,000 தேவ ஆண்டுகள். 360 × 12,000 = 4,320,000. இதைப் பத்துப் பங்காக்கி 4, 3, 2, 1 என்று பிரித்தால்:

கிருத யுகம்: 1,728,000
திரேதா யுகம்: 1,296,000
துவாபர யுகம்: 864,000
கலி யுகம்: 432,000

இந்த எண்ணில் உள்ள பகா எண்கள் மூன்றே: 2 எட்டு முறை, 3 மூன்று முறை, 5 நான்கு முறை. ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்குங்க: 9 × 4 × 5 = 180. ஆக, மொத்தம் 180 காரணிகள். 12, 30, 60, 108, 360 எல்லாமே மீதியின்றி வகுக்கும். ஆனால் 7 வகுக்காது!

வானத்துக் கணக்கு

சூரிய சித்தாந்தம் என்ற வானியல் நூலின்படி, ஒரு மகாயுகத்தில் சூரியன் 4,320,000 சுற்று, சந்திரன் 57,753,336 சுற்று. நாள்களோ 1,577,917,828. நாள்களைச் சூரியச் சுற்றுகளால் வகுத்துப் பாருங்க. ஓர் ஆண்டுக்கு 365.25876 நாள் வரும். விண்மீன்களை வைத்து இன்று அளக்கும் ஆண்டு 365.25636 நாள். வித்தியாசம் சுமார் மூன்றரை நிமிடம்தான்!

அன்று தசமப் புள்ளி போட்டு எழுதும் வழக்கம் இல்லை. அதனால் இவ்வளவு நுட்பமான பின்னத்தை இரண்டு பெரிய முழு எண்களாகச் சொல்லி வைத்தார்கள். மகாயுகம் அவர்களுக்கு ஒரு கணக்குக் கருவியாகவும் இருந்தது.

கொஞ்சம் கவனம்

"துவாபர யுகம் 864,000 ஆண்டு, சூரியனின் விட்டமும் அத்தனை மைல்" என்று வாட்ஸ்அப்பில் வரும். விட்டம் சுமார் 865,000 மைல் என்பது உண்மைதான். ஆனால் மைல் நம் முன்னோரின் அளவே இல்லையே! கிலோமீட்டரில் அது சுமார் 1,390,000. எந்த யுகத்தோடும் பொருந்தாது. இது தற்செயல். இதை நாம் பெருமையாக அனுப்பி, நண்பர் தவறைக் கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் 365.25876 என்ற நிஜமான சாதனையையும் அவர் நம்பமாட்டார். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே பகிருங்க.

செய்து பாருங்க

1. 1,728,000 எந்த எண்ணின் கனம்?
2. 4,320,000-ஐ 108-ஆல் வகுத்தால் எவ்வளவு?
3. சந்திரச் சுற்றுகளிலிருந்து சூரியச் சுற்றுகளைக் கழிங்க. கிடைப்பது மகாயுகத்தில் வரும் அமாவாசைகளின் எண்ணிக்கை. நாள்களை அதால் வகுத்து, இன்றைய அளவான 29.53059 நாளோடு ஒப்பிடுங்க.

அடுத்த வகுப்புக்கு விடையோடு வாங்க!