ஒரே சம்பளத்துக்கு இரண்டு நாட்டில் வரியா?

எமது குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் சுவிற்சர்லாந்து, ஜேர்மனி, பிரான்சு ஆகிய நாடுகளில் உழைக்கிறார்கள். இந்நாடுகளின் எல்லையோரங்களில் ஒரு நாட்டில் குடியிருந்து மறு நாட்டில் வேலை செய்வோர் பலர் உளர். வேலை சுவிசின் பாசல் நகரில். வீடோ ஜேர்மனியின் லொராக்கில் அல்லது பிரான்சின் சான் லூயியில். அங்கே வாடகை குறைவு. இவர்களை எல்லைத் தொழிலாளர் என்பர்.

“இரண்டு அரசாங்கமும் வரி கேட்குது” என்று பிள்ளை தொலைபேசியிற் சொன்னால் வீட்டில் உள்ளோர் கலங்கிப் போவார்கள். விதைநெல்லும் கிணற்று வேலையும் அந்தக் காசையே நம்பியிருந்தால் இது எமது விடயமுந்தான். எனவே இதன் ஒழுங்கை அறிந்து கொள்வோம்.

இரண்டு வரி ஏன் வருகிறது?

வீடு ஓர் ஊரிலும் வயல் வேறோர் ஊரிலும் உள்ள கமக்காரனை எண்ணிப் பாருங்கள். “விளைந்தது எங்கள் மண்ணில்” என்று ஓர் ஊர் பங்கு கேட்கும். “ஆள் எங்கள் ஆள்” என்று மற்ற ஊர் கேட்கும். உழைத்த நாடும் வதியும் நாடும் இவ்வாறே உரிமை கோருகின்றன. இப்பிணக்கைத் தீர்க்க நாடுகள் தமக்கிடையே உடன்படிக்கை செய்துள்ளன. ஆனால் எல்லா எல்லைக்கும் ஒரே விதி இல்லை.

மூன்று எல்லைகள், மூன்று விதிகள்

1. ஜேர்மனியில் வீடு, சுவிசில் வேலை: வரி ஜேர்மனிக்கு உரியது. சுவிஸ் ஆகக் கூடியது மொத்தச் சம்பளத்தில் 4.5 வீதம் மட்டும் கழிக்கலாம். அத்தொகையை ஜேர்மனி தனது வரியிற் கழித்து விடும். இதற்குத் தொழிலாளி வழமையாக வீடு திரும்புபவராக இருக்க வேண்டும். வேலை காரணமாக ஆண்டில் 60 வேலைநாட்களுக்கு மேல் திரும்பாவிடின் இச்சலுகை இல்லை.

2. பிரான்சில் வீடு, பாசலில் வேலை: 1983ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி வரி பிரான்சுக்கே. சம்பளத்தின் 4.5 வீதத்துக்குச் சமமான தொகையைப் பிரான்சு அரசே சுவிசுக்குக் கொடுக்கிறது. தொழிலாளி அதைக் கட்டுவதில்லை.

3. பிரான்சில் வீடு, ஜெனீவாவில் வேலை: இங்கே விதி தலைகீழ். ஜெனீவா சம்பளத்திலேயே வரியைக் கழித்துக் கொள்ளும். 1973ஆம் ஆண்டு ஒழுங்கின்படி மொத்தச் சம்பளத்தில் 3.5 வீதத்தை எல்லையோரப் பிரெஞ்சு மாவட்டங்களுக்கு அது கொடுக்கிறது. பிரான்சிலும் வருமானத்தை அறிவிக்க வேண்டும். ஆனால் அச்சம்பளத்துக்கு வரும் பிரெஞ்சு வரி கழிக்கப்படும்.

ஒரு கணக்கு

லொராக்கில் வாழும் ஒருவருக்குப் பாசலில் மாதம் 5,000 பிராங் சம்பளம் என்போம். சுவிஸ் கழிப்பது 225 பிராங். ஜேர்மன் வரி 700 பிராங் என்று வந்தால் அவர் அங்கே கட்ட வேண்டியது 475 மட்டுமே.

ஆனால் உரிய சான்றிதழைக் கொடுக்காவிடின் தொழில் கொடுப்பவர் முழு வரியையும் கழிப்பார். அது 500 பிராங் என்றாலும் ஜேர்மனி 225ஐ மாத்திரமே கழித்துக் கொள்ளும். மீதி 275ஐச் சுவிஸ் வரிக் கந்தோரிடமே திருப்பிக் கேட்க வேண்டும். இரட்டைச் சுமை வருவது பெரும்பாலும் இப்படித்தான்: சட்டத்தால் அல்ல, கொடுக்காமல் விட்ட ஒரு கடதாசியால்.

செய்ய வேண்டியவை

• நிவாரணத்துக்குக் கிராம அலுவலரிடம் வதிவை உறுதிப்படுத்துகிறோம் அல்லவா? அதுபோல வதியும் நாட்டின் வரிக் கந்தோரில் வதிவிடச் சான்றிதழ் பெற்றுத் தொழில் கொடுப்பவரிடம் கையளிக்க வேண்டும். ஜேர்மன் சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லுபடியாகும்.

• சம்பளத் துண்டுகளையும் ஆண்டுச் சம்பளச் சான்றிதழையும் பத்திரப்படுத்த வேண்டும். வெளியிடத்தில் தங்கிய நாட்களைக் குறித்து வைக்க வேண்டும்.

• “சுவிசில் கழித்து விட்டார்கள்” என்று வதியும் நாட்டில் அறிவிக்காமல் இருக்கக் கூடாது. மறைத்தால் வரியோடு தண்டமும் வரும்.

• சுவிஸ் தொழில் கொடுப்பவர் ஜேர்மன் வரியைக் கழித்துத் தரமாட்டார். அது பின்னர் மொத்தமாக வரும். மாதந்தோறும் அதற்கென ஒரு தொகையை ஒதுக்கிய பின்னரே ஊருக்குக் காசு அனுப்புவது நல்லது. வீட்டாரும் இதை விளங்கிக் கொள்ள வேண்டும். அனுப்பும் காசு குறைந்தால் பிள்ளை மறந்து விட்டது என்று எண்ண வேண்டாம்.

• சம்பளத் துண்டில் உள்ள முதியோர் காப்புறுதிக் கழிவு வரி அல்ல. இரண்டையும் குழப்பிக் கொள்ளக் கூடாது.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது உறவினர் எந்த நாட்டில் வதிகிறார்? எந்த நாட்டில் உழைக்கிறார்? மேற்கூறிய விதிகளுள் எது அவருக்குப் பொருந்தும்?

2. அவர் இவ்வாண்டுக்குரிய சான்றிதழைக் கொடுத்து விட்டாரா?

3. அவர் அனுப்பும் பணத்தை நம்பிக் கடன் எடுக்கும்போது, வரி கட்டும் மாதங்களையும் கணக்கில் எடுக்கிறோமா?