ஒரே அப்டேட் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேள்வி: என் லேப்டாப்பில் கேபி2267602 என்ற செக்யூரிட்டி அப்டேட் தினமும் இன்ஸ்டால் ஆகிறது. வைரஸாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– கல்லூரி மாணவி, கரூர்

பதில்: பயப்பட ஒன்றுமில்லை. விண்டோஸ் டிஃபெண்டருக்கு வரும் புதிய வைரஸ்களின் அடையாளப் பட்டியல் அது. கேபி எண் மாறாது, பக்கத்தில் இருக்கும் வெர்ஷன் எண் மாறும். மாதாமாதம் தலைகாட்டும் கேபி890830-ம் இதே ரகம்தான். இரண்டும் வரட்டும். வராமல் நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கேள்வி: தினமும் இரவு சிஸ்டத்தை முறையாக ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் கடையைச் சாத்துகிறேன். ஆனாலும் காலையில் 'ரீஸ்டார்ட் தேவை' என்று அதே அப்டேட் வந்து நிற்கிறது.
– ஜெராக்ஸ் கடைக்காரர், விருதுநகர்

பதில்: ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு. இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தால், விண்டோஸின் உட்பகுதி முழுதாக அணையாது. தன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு உறங்கும், காலையில் விட்ட இடத்திலிருந்து தொடரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் எல்லாம் அணைந்து புதிதாக எழும். பயன்பாட்டில் இருக்கும் ஃபைல்களை அப்டேட் அப்போதுதான் மாற்ற முடியும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு-வைச் சொடுக்கி, கீழே 'அப் டைம்' என்பதைப் பாருங்கள். முதல் எண் நாட்களைக் குறிக்கும். சமீபத்தில் என் மேசைக்கு வந்த பில்லிங் கணினி ஒன்றில் அது 41 என்று காட்டியது. தினமும் அணைத்தேன் என்று உரிமையாளர் அடித்துச் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. 41 நாளாக ஒருமுறைகூட ரீஸ்டார்ட் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இன்றிரவு ரீஸ்டார்ட் கொடுங்கள். கணினி மறுபடி எழுந்து லாகின் திரை வரும்வரை காத்திருந்து, பிறகு அணையுங்கள்.

கேள்வி: சி டிரைவில் 2 ஜிபி மட்டும் காலியாக இருக்கிறது. மாதாந்திர அப்டேட் ஏறுமா?
– வாசகர், தேனி

பதில்: ஏறாது. முதலில் இடத்தைக் காலி செய்யுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 11. அப்டேட் பாதிக்கு மேல் ஓடுகிறது, பிறகு 'அன்டூயிங் சேஞ்சஸ்' என்று பழைய நிலைக்கே போய்விடுகிறது. மறுநாள் மீண்டும் அதே. ஃபார்மட் அடித்துவிடலாம் என்கிறார் சர்வீஸ் செய்பவர்.
– பள்ளி ஆசிரியை, நாமக்கல்

பதில்: வேண்டாம். தலைவலிக்குத் தலையையே மாற்றச் சொல்லும் வைத்தியம் இது. தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் பாகங்களின் கிடங்கின்மேல்தான் விண்டோஸ் புதிய அப்டேட்டைக் கட்டுகிறது. அந்தக் கிடங்கில் ஓரிரு ஃபைல்கள் கெட்டுப்போனாலும் கட்டியது சரிந்து பழைய நிலைக்குப் போய்விடும்.

வேறு நிறுவனத்தின் ஆன்ட்டிவைரஸ் இருந்தால் தற்காலிகமாக நீக்குங்கள். பிறகு 'டிஸ்ம்' கட்டளையின் ரெஸ்டோர்ஹெல்த்தை ஓட்டிவிட்டு, அது முடிந்தபின் 'எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்' ஓட்டுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எஸ்எஃப்சி மாற்று ஃபைலை எடுப்பதே அந்தக் கிடங்கிலிருந்துதான். கிடங்கைச் சரிசெய்யாமல் அதை ஓட்டிப் பயனில்லை. அதற்கும் மசியவில்லை என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி என்று போய், விண்டோஸ் அப்டேட் மூலம் சரிசெய்யும் 'ரீஇன்ஸ்டால் நவ்' பொத்தானை அழுத்துங்கள். விண்டோஸ் மட்டும் புதிதாக ஏறும். உங்கள் கேள்வித்தாள்களும் மென்பொருள்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். இருந்தாலும் ஒரு பேக்அப் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: விண்டோஸ் 10-ல் கேபி5034441 ஒவ்வொரு முறையும் 0எக்ஸ்80070643 என்ற பிழையுடன் தோற்கிறது.
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருநெல்வேலி

பதில்: எண்ணையும் பிழைக் குறியீட்டையும் சேர்த்து எழுதியதற்கு நன்றி. உங்கள் கணினியில் பழுது இல்லை. 2024 ஜனவரியில் வந்த இந்த அப்டேட், ரெக்கவரி பார்ட்டிஷனுக்குள் ஏறுவது. அங்கே 250 எம்பி இடம் காலியாக வேண்டும். பல கணினிகளில் அந்தப் பார்ட்டிஷன் மொத்தமே 500 எம்பி சுற்றித்தான் இருக்கும். இடம் போதாமல் தோற்கிறது, மறுபடி முயல்கிறது. பிழைச் செய்தியோ 'இடம் இல்லை' என்று சொல்லாமல் பொதுவாக 'இன்ஸ்டால் தோல்வி' என்கிறது. குழப்பம் அங்கேதான்.

இது அடைப்பது பிட்லாக்கர் பூட்டைத் தாண்டும் ஓட்டையை. கணினியையே கையில் வைத்திருப்பவரால்தான் அந்த வழியாக நுழைய முடியும். நீங்கள் பிட்லாக்கர் போடவில்லை என்றால் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். போட்டிருந்தால் பார்ட்டிஷனைப் பெரிதாக்கத்தான் வேண்டும். அதை அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள், பேக்அப் எடுத்த பிறகு. தவறான பார்ட்டிஷனை அழித்துவிட்டு அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அப்டேட் தொல்லை தாங்காமல் சர்வீஸையே டிஸேபிள் செய்தோம். சில நாளில் தானாக உயிர்பெற்றுவிடுகிறது. நிரந்தரமாக நிறுத்த வழி சொல்லுங்கள்.
– மருந்துக்கடை உரிமையாளர், கும்பகோணம்

பதில்: சொல்ல மாட்டேன். உயிர்ப்பிப்பது 'அப்டேட் மெடிக்' என்ற இன்னொரு சர்வீஸ். அதற்கு வேலையே அதுதான்.

2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஓர் ஓட்டையை அடைத்து அப்டேட் வெளியிட்டது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக வான்னாக்ரை நுழைந்தது. நடுவில் 59 நாட்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட அந்த வைரஸால் பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளும் அப்பாயின்ட்மென்ட்களும் ரத்தாயின. உலகெங்கும் மாட்டிய கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அவற்றுக்கான மருந்து இரண்டு மாதமாகத் தயாராக இருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள்.

அப்டேட் வெளியாகும் நாளிலிருந்துதான் ஆபத்து கூடுகிறது. பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் ஒப்பிட்டால் ஓட்டை எங்கே என்று திருடனுக்கும் தெரிந்துவிடும். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. நம் கணக்கில் அது செவ்வாய் இரவு. புதன் காலை முதல், போடாதவரின் கதவு திறந்தே கிடக்கிறது.

உங்கள் கணினியில் இருப்பது உங்கள் கணக்கு மட்டுமல்ல. யாருக்கு எந்த மாத்திரை என்பது உட்பட வாடிக்கையாளர்களின் அந்தரங்கமும் அதில்தான் இருக்கிறது. வியாபார நேரத்தில் தொல்லை என்றால் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்பதில் கடை நேரத்தைக் கொடுங்கள். மாதக் கடைசியில் கணக்கு முடிக்க வேண்டுமா, ஒரு வாரம் 'பாஸ்' செய்யுங்கள். நிறுத்தாதீர்கள்.

கேள்வி: 'உங்கள் கணினி ஆபத்தில், உடனே செக்யூரிட்டி அப்டேட் செய்யுங்கள்' என்று குரோமில் அடிக்கடி வருகிறது. போன் எண்ணும் இருக்கிறது. கூப்பிடலாமா?
– இல்லத்தரசி, சேலம்

பதில்: கூப்பிடாதீர்கள். விண்டோஸ் அப்டேட் ஒருபோதும் பிரௌசரில் வராது, போன் எண் தராது. எப்போதோ ஒரு தளத்துக்கு 'அலவ்' கொடுத்திருப்பீர்கள், அதன் வினை இது. குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதியைத் திறந்து, தெரியாத தளங்களை எல்லாம் நீக்குங்கள். ஏற்கெனவே யாராவது பேசிப் பணம் போயிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'அப்டேட் திரும்பத் திரும்ப வருகிறது' என்று மட்டும் எழுதாதீர்கள். அப்டேட் ஹிஸ்டரியைத் திறந்து, கேபி எண்ணையும் பிழைக் குறியீட்டையும் பார்த்து எழுதுங்கள். அந்த இரண்டும் இருந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.