ஒன்றரை ஷிப்ட் கணக்கு: விளம்பர வேலை மாறுவதற்கு முன்

பொங்கலூர், பல்லடம், அவிநாசிபாளையம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு விளம்பரத் தொழிலின் வாசல் பனியன் கம்பெனிதான். பெட்டி டிசைன், லேபிள், டீலர் கேட்டலாக், இன்ஸ்டாகிராம் பதிவு என்று கை பழகுகிறது. சில வருடம் போனதும் இரண்டு அழைப்புகள் வருகின்றன. ஒன்று, சென்னையிலோ பெங்களூரிலோ மும்பையிலோ விருதுகள் வாங்கிய ஏஜென்சி. மற்றது, திருப்பூர் பிராண்ட் ஒன்றின் சொந்த விளம்பரப் பிரிவு. அங்கே பேர் கிடைக்கும், தூக்கம் போகும் என்பார்கள். இங்கே சாயங்காலம் வீடு வந்து சேரலாம், ஆனால் திறமை மழுங்கிவிடும் என்பார்கள். இரண்டையும் அப்படியே நம்பி முடிவெடுக்காதீர்கள். இரண்டையும் அளக்க முடியும்.

முதலில் ஷிப்டை எண்ணுங்கள்

திருப்பூரில் டெய்லரும் கட்டிங் மாஸ்டரும் ஷிப்ட் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை சம்பளம். கூடுதலாக உழைத்த அரை ஷிப்டும் கணக்கில் ஏறும். மாதச் சம்பளக்காரர்களான விளம்பரத் துறையினர் இப்படி எண்ணுவதே இல்லை. எண்ணிப் பார்த்தால் படம் மாறுகிறது.

ஓர் உதாரணம்: ஏஜென்சி 60,000 ரூபாய் தருகிறது; மாதம் 26 நாளும் ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது. மொத்தம் 39 ஷிப்ட். அறை வாடகை, சாப்பாடு என்று 15,000 போனால் ஒரு ஷிப்டுக்கு நிற்பது ஏறத்தாழ 1,150 ரூபாய். திருப்பூர் பிராண்ட் 45,000 தருகிறது, 26 ஷிப்ட், வீட்டிலிருந்தே போய் வரலாம். ஷிப்டுக்கு ஏறத்தாழ 1,730. பெரிய சம்பளம் என்று நினைத்தது சிறியதாகிவிட்டது. அந்த வித்தியாசம் பேருக்காக நீங்கள் கொடுக்கும் விலை. கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

சட்டமும் எண்ணச் சொல்கிறது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், விளம்பரத் தொழிலைப் பெயர் சொல்லியே தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. மிகைநேரம் சேர்த்தாலும் வாரம் 54 மணியைத் தாண்டக் கூடாது. அந்த மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஆகவே உங்கள் பதவிப் பெயரில் ‘மேனேஜர்’ என்று ஒட்டப்படுகிறதா என்று கவனியுங்கள்.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் டென்ட்சு நிறுவனம் சாட்சி. 2015 டிசம்பரில் அங்கே வேலை பார்த்த 24 வயதுப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். மாதம் 100 மணி நேரத்துக்கு மேல் மிகைநேரம் பார்த்திருந்தார். அந்த மரணத்துக்கு அதிக வேலைதான் காரணம் என்று அடுத்த ஆண்டு அரசே ஏற்றது. நிறுவனத் தலைவர் பதவி விலகினார். உலகின் மிகப் பெரிய விளம்பர நிறுவனங்களில் ஒன்று அது. எந்தப் பேரும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

பேரை அளப்பது எப்படி

பேர் என்பது இரண்டு வகை. வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையின் பேர் ஒன்று. உங்கள் கைவேலைக்குக் கிடைக்கும் பேர் மற்றொன்று. முதலாவது நிலையானது அல்ல. 1980-இல் அகமதாபாத்தில் ஏ.ஜி. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய முத்ரா, இந்தியாவின் முன்னணி ஏஜென்சிகளில் ஒன்றாக வளர்ந்தது. 2011-இல் ஆம்னிகாம் விளம்பரக் குழுமத்தின் கைக்குப் போய், அதன் டிடிபி பெயரோடு சேர்ந்து டிடிபி முத்ரா ஆனது. 2025 இறுதியில் ஐபிஜி என்ற மற்றொரு விளம்பரக் குழுமத்தை வாங்கி முடித்த ஆம்னிகாம், டிடிபி என்ற பெயருக்கே விடை கொடுப்பதாக அறிவித்தது. பலகைகள் மாறும், செய்த வேலை உங்களோடு வரும்.

அதே முத்ராவின் தொடக்கம் நமக்கு இன்னொன்றும் சொல்கிறது. கிருஷ்ணமூர்த்தி ரிலையன்ஸின் விளம்பரப் பொறுப்பில் இருந்தவர். முத்ராவின் முதல் வாடிக்கையாளர் அதே ரிலையன்ஸின் விமல் துணி. ஜவுளிக் கம்பெனியின் உள்ளிருந்தே அந்தத் திறமை வளர்ந்தது. இத்தாலியின் பெனட்டனும் பின்னலாடைக் கம்பெனிதான். புகைப்படக் கலைஞர் ஒலிவியேரோ தோஸ்கானி 1982 முதல் 2000 வரை அவர்களுக்காக எடுத்த விளம்பரப் படங்களை உலகமே விவாதித்தது. நம் ஊரிலேயே, 1983-இல் கே.ஆர். நாகராஜன் தொடங்கிய ராம்ராஜ், வேட்டி கட்டியவருக்குச் சல்யூட் வைக்கும் விளம்பரத்தால் வேட்டியின் மதிப்பையே உயர்த்தியது. பிராண்டுக்குள் போனால் திறமை மழுங்கும் என்பது விதியல்ல.

ஆனால் ஆபத்து உண்டு. உள்பிரிவில் ஒரே சரக்கையே வருடம் முழுவதும் பேச வேண்டும். இறுதிச் சொல் முதலாளி குடும்பத்துடையது. ஏஜென்சியில் சோப்பு, வங்கி, மருத்துவமனை என்று பல சரக்கு கைக்கு வரும். திருத்தித் தர மூத்தவர்கள் இருப்பார்கள். தொடக்க வருடங்களில் இதற்கு ஈடு இல்லை.

மற்ற இரண்டு வழிகள்

கோவையின் சிறிய ஏஜென்சிகள் இடைவழி. மூன்று பேர் வேலையை ஒருவர் பார்ப்பதால் சீக்கிரம் கற்கலாம். அதே காரணத்தால் சீக்கிரம் களைக்கலாம். வீட்டிலிருந்து ஃப்ரீலான்ஸ் செய்தால் நேரம் உங்கள் கையில். ஆனால் பணம் வந்து சேரும் தேதி பிறர் கையில். ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாமல் இறங்க வேண்டாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

• போன மாதம் குழு எத்தனை நாள் இரவு எட்டு மணிக்குப் பிறகும் அலுவலகத்தில் இருந்தது? இதை அங்கே வேலை பார்த்து விலகியவரிடம் கேளுங்கள்.

• நெருக்கடி எப்போது வரும்? தீபாவளி, பொங்கலுக்கு முன் பிராண்ட் அலுவலகத்திலும் ஒன்றரை ஷிப்ட் ஓடும். ஆனால் அது முன்கூட்டியே தெரியும். ஏஜென்சியில் புதுக் கணக்குக்கான பிட்ச் எந்த வெள்ளிக்கிழமையும் வந்து விழும். வீட்டை அதிகம் குலைப்பது சொல்லாமல் வரும் வேலைதான்.

• கடந்த வருடம் செய்ததில் எத்தனை விளம்பரம் உண்மையில் வெளியானது? விருதுக்கென்றே செய்து, மக்கள் பார்க்காமல் போனவற்றைக் கழித்துவிடுங்கள்.

• வேலையை என் போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணியில் செய்தது நிறுவனத்துக்கே சொந்தம். காட்டும் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

• நோட்டீஸ் காலம் எவ்வளவு? மூன்று மாதம் என்றால் அடுத்த வாய்ப்பு காத்திருக்காது.

யாருக்கு எது

காட்டுவதற்கு வேலை இல்லாதவர், வீட்டுப் பொறுப்பு குறைந்தவர்: ஏஜென்சிக்குப் போங்கள். ஆனால் இரண்டு வருடம் என்று தேதி குறித்துக்கொண்டு போங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எத்தனை ஷிப்ட் உழைத்தோம், காட்டத்தக்க வேலை எத்தனை சேர்ந்தது என்று எழுதிப் பாருங்கள். ஷிப்ட் ஏறி வேலை ஏறவில்லையென்றால் தேதிக்கு முன்பே கிளம்பலாம்.

கையில் நல்ல வேலை சேர்ந்துவிட்டவர், சிறு குழந்தையோ வயதான பெற்றோரோ உள்ளவர்: பிராண்ட் பிரிவு தோல்வி அல்ல. ஒரே நிபந்தனை வையுங்கள். வருடத்துக்கு ஒரு பிரச்சாரமாவது ஐடியாவிலிருந்து வெளியீடு வரை உங்கள் பொறுப்பில் இருக்க வேண்டும். அதைச் சேரும்போதே பேசி, மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

உடம்பு ஏற்கெனவே எச்சரிக்கை தந்தவருக்கு ஒப்பீடே தேவையில்லை. நேரம் தரும் இடத்துக்குப் போங்கள். நன்றாகத் தூங்கி, நாலு மனிதரோடு பேசி, சந்தையைச் சுற்றி வருகிறவருக்குத்தான் மக்கள் மனசில் நிற்கும் வரி அகப்படும். அந்த வரிதான் உங்களுக்குப் பேரையும் வாங்கித் தரும்.